நோபேட்டின் இடது கை

நோபேட் இடது கையால் மறுபடியும் எதையோ பக்கவாட்டில் தள்ளினார். மகள் இவோன் தலையணையைத் திருப்பி வைத்தாள். அதில்லை. நனைத்த பஞ்சை உதட்டில் ஒற்றினாள். அதுவுமில்லை. பாரிசவாதம் அப்பாவின் பேச்சைக் கொண்டுபோய்விட்டு, இந்த ஒரு கையை மட்டும் மிச்சம் விட்டிருந்தது. அவருக்கு என்ன வேண்டுமென்று அவர் போவதற்குள் தெரிந்தாக வேண்டும். அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

இன்றைக்குத் தாண்டாது என்று காலையில் வந்த நேர்ஸ் சொல்லிவிட்டாள். புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த அந்த நியூ லின் வீட்டில் ஆளாளுக்கு ஒரு கண்டுபிடிப்பு. ஃபாதரைக் கேட்கிறார் என்றாள் எமிலி மாமி. ஃபாதர் வந்து செபம் சொல்லி எண்ணெய் பூசிவிட்டுப் போனார். குளிருதாக்கும் என்று பக்கத்து வீட்டுக் குலசிங்கம் இன்னொரு போர்வையைப் போட்டார். நோகுது என்று தம்பி றொய்ஸ்டன் சொல்ல, மருந்தைக் கூட்டினார்கள். கை தன்பாட்டில் தள்ளிக்கொண்டிருந்தது.

எல்லாரும் தேத்தண்ணிக்கென்று குசினிக்குள் போன நேரத்தில்தான் சுவரிலிருந்த ஊசல் மணிக்கூட்டின் சத்தம் அவள் காதில் விழுந்தது. டிக்... டக் டிக்... டக். நொண்டியது.

கட்டிலை ஹோலுக்குக் கொண்டுவந்த அன்று, மனிசன் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்று அதை எதிர்ச்சுவரில் மாட்டியவன் றொய்ஸ்டன். மட்டம் பிடித்து, மயிரிழை பிசகாமல் மாட்டினான். யாழ்ப்பாணத்திலும் இங்கேயும் வாழ்நாள் முழுக்க மணிக்கூடு திருத்தியவரின் பிள்ளை பார்க்கிற வேலையா இது? மணிக்கூட்டுப் பெட்டி நேராக நிற்கிறதா என்று அப்பா ஒருநாளும் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஊசல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடிக்கும் வரை பெட்டியின் அடியை விரலால் தள்ளுவார். சரிந்து நின்றாலும் அவருக்கு அதுதான் நேர்.

இவோன் கதிரையில் ஏறிப் பெட்டியின் அடியைத் தள்ளினாள். கொஞ்சம். இன்னும் கொஞ்சம். டிக், டக், டிக், டக். ஒத்துவந்துவிட்டது. கதிரையில் நின்றபடியே குசினிப் பக்கம் கத்தினாள்.

"தம்பி, ஓடி வா. கண்டுபிடிச்சிட்டன். பப்பா இதைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தவர்."

றொய்ஸ்டன் வந்து மணிக்கூட்டின் சத்தத்தைக் கேட்டான். பிறகு கட்டிலைப் பார்த்தான்.

"அக்கா, கை இன்னும் ஆடுது."

அவள் இறங்கி வந்து பக்கத்தில் இருந்தாள். அவருக்கு இன்னும் கேட்கவில்லையாக்கும் என்று பொறுத்துப் பார்த்தாள். அதே கை, அதே பக்கம். அதற்குமேல் செய்து பார்க்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. பின்னேரம் மூச்சு நின்றது. கை அதற்கு முன்பே ஓய்ந்திருந்தது. எப்போதென்று ஒருவரும் கவனிக்கவில்லை.

எமிலி மாமி கண்களை மூடிவிட்டு, இரண்டு கையையும் நெஞ்சில் கூட்டிச் செபமாலையைச் சுற்றப் போனாள்.

"மாமி, அந்தக் கையைக் கட்டாதேங்கோ."

"ஏன் பிள்ளை?"

இவோன் இடது கையை எடுத்து, அது தள்ளிக்கொண்டிருந்த பக்கமாகவே போர்வையின் மேல் வைத்தாள். மாமி வலது கையில் மட்டும் செபமாலையைச் சுற்றினாள்.