சமத்துப் பிள்ளை

மாஸ்டரின் மனைவி கைப்பேசியில் கூப்பிட்டபோது வங்கி அம்மா மூன்றாவது கியரைத் தேடிக்கொண்டிருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது மாஸ்டரின் தொழில்; பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வங்கியில் வேலை பார்க்கும் அந்த அம்மா அவரிடம் சேர்ந்தவர்களிலேயே பயந்த சுபாவம். எதிரே சைக்கிள் வந்தாலும் காரை ஓரங்கட்டி, அது தெருமுனை தாண்டும்வரை மரியாதையாகக் காத்திருப்பார்.

"காலையில இருந்து பால் குடிக்கலங்க. எழுப்பினாலும் கண்ணைத் திறக்க மாட்டேங்குறான். கை காலெல்லாம் சில்லுன்னு இருக்கு," என்றாள் மனைவி.

பின்னாலிருந்து மாஸ்டருடைய அக்காவின் குரல் கேட்டது. "சமத்துப் பிள்ளைடா. தூங்குது. நீ வேலையைப் பாரு."

பையன் பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிள்ளை அழுவதே இல்லை என்று மாஸ்டரின் அக்கா தெரு முழுக்கப் பெருமை பேசி முடித்திருந்தாள். மூன்று பெற்றவள். எந்தப் பிள்ளைக்கு எது வந்தாலும் அவளிடம் காரணம் இருக்கும். அது சூடு, குளிர்ச்சி இரண்டைத் தாண்டிப் போனதில்லை.

கார் வீட்டு வாசலுக்கு வந்தபோது மனைவி பிள்ளையோடு தயாராக நின்றாள். "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே," என்று ஆரம்பித்த அக்கா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்சீட்டில் ஏறினாள். மாஸ்டர் துணியை விலக்கிப் பார்த்தார். பிள்ளையின் உதடு வெளிறியிருந்தது. வயிறு மட்டும் வேகவேகமாக ஏறி இறங்கியது.

"இறங்குங்கம்மா, நான் ஓட்டுறேன்."

"இந்த நிலைமையில நீங்க ஓட்ட வேண்டாம் மாஸ்டர். பேசாம ஏறுங்க," என்றார் வங்கி அம்மா.

கார் துள்ளியது, முனகியது, நின்றது. மறுபடி துள்ளியது.

"என்னம்மா, இழுக்கவே மாட்டேங்குது?"

"உங்க பக்கத்துப் பிரேக்ல இருந்து காலை எடுங்க மாஸ்டர்."

எடுத்தார். அதன்பின் வங்கி அம்மா மூன்றாவது கியரைக் கண்டுபிடித்தார். ஒரு லாரியையே ஹாரன் அடித்து ஒதுக்கினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பிள்ளையைத் தொட்டதுமே நர்ஸைக் கூப்பிட்டார். "ரத்தத்துல கிருமி பரவியிருக்கும்னு நினைக்கிறேன். சோதனை முடிவு வர்றவரைக்கும் காத்திருக்க முடியாது. மருந்தை இப்பவே ஏத்துறோம்."

"காய்ச்சலே இல்லையே டாக்டர்," என்றாள் அக்கா.

"பச்சைக் குழந்தைக்கு உடம்பு சில்லுனு போறதும் மோசம்தாம்மா."

அக்கா சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

அப்போது வங்கி அம்மா மூச்சிரைக்க வந்தார். ஆம்புலன்ஸ் வரும் வழியில் காரை நிறுத்தியிருக்கிறார். காவலாளி சத்தம் போடுகிறார். "நீங்க இன்னும் ரிவர்ஸ் சொல்லித்தரலையே மாஸ்டர்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் எப்போது அழத் தொடங்கினார் என்று அவருக்கே தெரியவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

சில நாள்கள் டாக்டர் "பார்ப்போம்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒரு காலையில், பால் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் நர்ஸ். மனைவி பிள்ளையை மார்போடு அணைத்தாள். சின்னத் தாடை அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. மருந்து ஏறும் கையில் அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள்; கட்டு அவன் முகத்தைவிடப் பெரிது. குனிந்து பார்த்த மாஸ்டரின் மூக்கில் அந்தக் கட்டால் ஒன்று வைத்துவிட்டு, அவன் மறுபடி குடிக்கத் தொடங்கினான்.