பத்தொன்பது கூடுதல் சீட்டுகள்

மகள் அப்பாவின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். நேற்றே வெட்டச் சொல்லியிருந்தார். குனிந்தால் மூச்சு வாங்குகிறதாம். நாளைக்குப் பார்க்கலாம் என்றிருந்தாள். காலையில் பல் தேய்க்கப் போனவர் குழாயடியிலேயே சாய்ந்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று. மூன்று மணிக்குச் சுடுகாட்டு வண்டி வரும். இடது காலில் இன்னும் இரண்டு விரல் பாக்கி.

"பாப்பா."

அறை வாசலில் பள்ளிக்கூடத்துப் பியூன் நின்றார். அப்பா அங்கே குமாஸ்தா. ஒரே அறையில் இருவருக்கும் இருபத்திரண்டு வருஷம் ஓடியிருந்தது. அழுது ஓய்ந்த முகம். ஆனாலும் போகாமல் நின்றார்.

"சொல்லுங்கண்ணே."

"நாளன்னைக்குக் குலுக்கல். பெட்டி இங்க இருக்கு. ஹெச்.எம். எடுத்துட்டு வரச் சொல்றாங்க. இந்த நேரத்துல கேக்கறேனேன்னு நினைக்காதம்மா."

ஊரில் காசு வாங்காத நல்ல பள்ளி அது ஒன்றுதான். சாயங்காலம் ஆறு மணி வரை பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். ஒன்றாம் வகுப்பில் நாற்பது இடம். சிபாரிசு எடுபடாது. பெயர் எழுதிய சீட்டுகளைப் பெட்டியில் போட்டு எல்லோர் முன்னாலும் குலுக்கி எடுப்பார்கள். சீட்டு எழுதி மடிப்பது அப்பாவின் வேலை. மூன்று வருஷத்துக்கு முன் மகளுடைய பெண்ணின் பெயரும் அந்தப் பெட்டிக்குள் கிடந்தது. வரவில்லை. அந்தப் பிள்ளை இப்போது இரண்டு பஸ் மாறி வேறு பள்ளிக்குப் போகிறாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்துக் கொடுத்தாள். பியூன் வாங்கவில்லை.

"எண்ணிப் பாத்துட்டுக் குடும்மா."

"எதுக்கு?"

"இத்தனை நாளும் இதைச் சுமக்க ரெண்டு பேர் இருந்தோம். இனிமே நான் ஒருத்தன். பயமா இருக்கு."

அவரை உள்ளே வரச்சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, அப்பாவின் காலடியில் சீட்டுகளைக் கொட்டி எண்ணினாள். பெட்டிக்குள்ளேயே இருந்த பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். சீட்டுகள் நூற்று முப்பத்தொன்று. மறுபடி எண்ணினாள். அதேதான்.

"சில பேருக்கு ரெண்டு எழுதுவாரு," என்றார் பியூன், சுவரைப் பார்த்துக்கொண்டு. "பதினோரு வருஷமா."

"ஒரே பேரு ரெண்டு தடவை வந்தா?"

"எடுத்துப் படிக்கறது நான்தானே. வேற சீட்டு எடுத்துடுவேன்."

அவள் நில அளவையாளர். அண்ணனும் தம்பியும் இரண்டு பக்கமும் நின்று மிரட்டினாலும் எல்லைக்கல்லை விரற்கடை நகர்த்தாதவள். அந்தப் பிடிவாதம் அப்பாவிடமிருந்து வந்தது என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

"என் பொண்ணுக்கு எத்தனை போட்டாரு?"

"ஒண்ணு. அன்னைக்கு அந்தச் சீட்டை ரெண்டு தடவை பிரிச்சுப் பிரிச்சு மடிச்சாரு. நான்கூட கேட்டேன், பேத்திதானே, இன்னொண்ணு போட்டா என்னன்னு. அவளுக்கு வீட்டுல சொல்லிக்குடுக்க ஆள் இருக்குன்னுட்டாரு."

மகள் அப்பாவின் முகத்தை எட்டிப் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது என்னவோ, எழுப்பி உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்கிற ஆசைதான். எப்படிப்பா முடிவு பண்ணுனீங்க? உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா? ஒரே சீட்டு போட்ட பிள்ளையோட அப்பன் வந்து கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?

"கூட இருக்கறதை எடுத்துடறேன்ணே. இது ஏமாத்துறதுதான்."

"எடு. ஆனா யாரு யாருன்னு பாத்துட்டு எடு."

பட்டியலில் பெற்றோர் தொழிலும் இருந்தது. இரட்டைச் சீட்டுப் பெயர்களை அதோடு சேர்த்துப் பார்த்தாள். குப்பை வண்டி. கல் உடைப்பு. அம்மா மட்டும், வீட்டு வேலை. கைநாட்டு, கைநாட்டு. பதினெட்டுப் பெயர்கள் அவளுக்குப் புரிந்தன. பத்தொன்பதாவதில் விரல் நின்றது. பக்கத்துத் தெரு இன்ஜினீயரின் பெண். மாடி வீடு, கார்.

"இந்தக் குழந்தைக்கு எதுக்கு ரெண்டு?"

பியூன் யோசித்தார். "அதான் எனக்கும் தெரியல. அப்ளிகேஷன் குடுக்க வந்தப்போ அது உங்கப்பா மேசைக்கு அடியில போயி உக்காந்துக்கிச்சு. இவரும் குனிஞ்சு என்னமோ பேசிட்டிருந்தாரு. கேட்டேன், சொல்லல."

பத்தொன்பதையும் ஒரு கவரில் போட்டுத் தலையணைக்கு அடியில் செருகினாள். மிச்சம் இருந்த இரண்டு நகங்களையும் வெட்டி முடித்தாள்.

இரண்டு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. ஹெச்.எம். மாலையோடு வந்து, "உங்கப்பா மாதிரி நேர்மையான மனுஷனைப் பாக்க முடியாதும்மா," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் தலையாட்டினாள். அவருக்குப் பின்னால் இன்ஜினீயர், குழந்தையோடு. அமைதியான மனிதர், வந்ததிலிருந்து எல்லோருக்கும் நாற்காலி எடுத்துப்போட்டுக்கொண்டிருந்தார். வேர்த்துக் கொட்டியது. நெற்றியைத் துடைக்கக் கையை உயர்த்தினார்.

குழந்தையின் இரண்டு கைகளும் சட்டென்று தலைக்கு மேல் போயின.

மகளைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. ஒரு கணம் குழந்தை அப்படியே நின்றாள். பிறகு, முடியைச் சரிசெய்கிறவள்போல் மெல்லக் கைகளை இறக்கிக்கொண்டாள்.

மகள் எழுந்து உள்ளே போனாள். பெட்டியைத் திறந்து, கவரைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். சரியா என்று அவளுக்கு இன்னமும் தெரியவில்லை. பட்டியலில் இன்னொரு இன்ஜினீயர் இருந்தார், ஒரு வக்கீல் இருந்தார், அந்த வீடுகளுக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அப்பா குனிந்து பார்த்தது ஒரு மேசைக்கு அடியில்தான்.

பெட்டியைப் பியூனிடம் கொடுத்தாள். "நல்லா குலுக்குங்கண்ணே."

அவர் பெட்டியின் கனத்தைப் பார்த்தாரோ அவள் முகத்தைப் பார்த்தாரோ, பெட்டியைத் துண்டால் மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

வண்டி வந்தது. அப்பாவைத் தூக்கினார்கள். தெருமுனை திரும்பி வண்டி மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, கூட்டம் கலையத் தொடங்கியது. இன்ஜினீயர் காருக்குப் பக்கத்தில் நின்று, "வா கண்ணு, நேரமாச்சு," என்றார்.

குழந்தை படியில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தாள். மகள் போய் அவளை ஒட்டி உட்கார்ந்தாள். குழந்தை நாடாவை முடிச்சுப்போட்டு, இழுத்து, சரிபார்த்தாள். காருக்குப் பக்கத்தில் நின்ற தன் அப்பாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அதை அவிழ்த்துவிட்டு, முதலிலிருந்து கட்டத் தொடங்கினாள்.