வைக்கோல் தொங்கும் சரிவு

"கதவுக்கு மேல எலைக் கொத்து தொங்கினா 'உள்ள வாங்க, ஒயின் இருக்கு'ன்னு அர்த்தம்னு உங்க அம்மா நேத்து சொன்னாங்களே, அப்போ இந்த வைக்கோலுக்கும் அதுதானே அர்த்தம்? இந்தப் பக்கமா ஏறிப் போகலாம்ல?"

கேட்டவள் பிரேமன் நகரத்திலிருந்து வந்து லியோபா வீட்டு மாடி அறையில் தங்கியிருந்த கெசீனா அம்மாள். லியோபா அப்போது சரிவின் அடியில், கடைசி வீட்டுக் குழாயடியில், அறுவடைக்கான முதுகுக் கூடைகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். கேள்வி முடிவதற்கு முன்பே தலையை ஆட்டிவிட்டாள்.

அவள் பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்பு ஏறாமல் இல்லை. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். வகுப்பே சிரிக்கும். பத்து வருடமாக, தெரியாதவர்கள் எதைக் கேட்டாலும் தலையை மேலும் கீழும் ஆட்டுவது என்று ஒரு வழி வைத்திருந்தாள். அப்படி ஆட்டினால் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பக்கவாட்டில் ஆட்டினால்தான் ஏன் என்று நின்று கேட்பார்கள்.

கெசீனா அம்மாளும் நன்றி சொன்னாள். கைத்தடியை ஊன்றி, வைக்கோல் கட்டிய கம்பத்தைத் தாண்டி, சிலேட்டுக் கல் படிகளில் ஏறினாள். அவள் பத்துப் படி ஏறிய பிறகுதான் கேள்வி லியோபாவின் காதிலிருந்து மண்டைக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர்கள் ஊரான ஃபாங்கலில் திராட்சைப் பழம் கனிந்ததும் தோட்டத்துக்குப் போகிற ஒவ்வொரு வழியிலும் கம்பம் நட்டு வைக்கோல் கட்டுவார்கள். கட்டிவிட்டால் அந்தச் சரிவு மூடியாகிவிட்டது. சொந்தக்காரனே தன் கொடியைத் தொடக்கூடாது. கோயில் மணி அடித்து அறுவடை தொடங்கும்வரை காவல்காரரைத் தவிர ஒருவரும் உள்ளே கால் வைப்பதில்லை. நடைப்பயணம் வருகிறவர்களை ஆற்றோரச் சாலையிலோ, உச்சியில் காட்டை ஒட்டிய பாதையிலோ அனுப்பிவிடுவார்கள். நடுச்சரிவு மோசமான இடம். ஆள் உயரக் கல் சுவர்கள் அடுக்கடுக்காக நிற்கும். சுண்ணாம்பும் இல்லை, சிமெண்டும் இல்லை, கல்லுக்குக் கல்தான் பிடிமானம். மழைக்குப் பிறகு எது நிற்கும் எது சரியும் என்று ஊர்க்காரர்களுக்கே தெரியாது. அந்த வாரம் முழுக்க மழை.

லியோபா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. சரி, காவல்காரரான செவரின் சித்தப்பா பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கூடையை எடுத்தாள். சித்தப்பா அன்று புரூட்டிக் பக்கத்துச் சரிவுக்குப் போயிருந்தது அவளுக்குத் தெரியாது.

மதியம் ஒன்றரைக்குத் தொலைபேசி அடித்தது. கெசீனாவின் கணவர் ஃபோல்கர்ட், ஆற்றோரத்து அடுத்த ஊரான பைல்ஸ்டைனிலிருந்து பேசினார். அவருக்கு முழங்கால் சரியில்லை. காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டார். மனைவி நடந்து வந்து பன்னிரண்டு மணிக்கு மடத்துக் கோயில் படியில் சந்திப்பதாகப் பேச்சு. கோட்டைக்கு ஏறிப் பார்த்தாராம், படகுத்துறையில் கேட்டாராம். எங்கும் காணோம்.

அம்மா ஃபோனைக் கையில் பொத்திக்கொண்டு திரும்பினாள். "ஏண்டி, காலைல குழாயடியிலதானே இருந்த? அந்தம்மா எந்தப் பக்கம் போச்சு, பாத்தியா?"

லியோபா பைல்ஸ்டைன் திசையில் கையைக் காட்டினாள்.

"அது எனக்கும் தெரியும். ஆத்தோரமாவா, காட்டு வழியாவா?"

லியோபா தோளைக் குலுக்கினாள். இனிமேல் எது சொன்னாலும் முதலில் இந்தத் தோள் குலுக்கலுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அந்த நொடியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

இரண்டு மணிக்கெல்லாம் இருபத்தைந்து பேர் திரண்டுவிட்டார்கள். பாதிப்பேர் ஆற்றோரம் இறங்கினார்கள். இருவர் தடுப்பணைக்குப் போய், மதகு வாயில் அடைந்திருந்த குப்பையை நீளக் கொக்கியால் கிளறினார்கள். மிச்சப்பேர் உச்சிப் பாதைக்கு. செவரின் சித்தப்பா முன்னால் நடந்தார். தபால்காரர் குவிரின் பின்னால். லியோபா யாரும் கூப்பிடாமலேயே சேர்ந்துகொண்டாள்.

ஒரு பர்லாங்குக்கு ஒரு தரம் நின்று, எல்லோரும் சேர்ந்து கெசீனாவின் பெயரைக் கூவினார்கள். கீழே தோட்டத்தில் பறவை விரட்டும் மரச் சக்கரங்கள் காற்றில் கடகடவென்று சுழன்றுகொண்டே இருந்தன. கூவி முடித்ததும் காட்டுப் பக்கமாகக் காதைக் கொடுத்தார்கள். தோட்டத்துப் பக்கம் ஒருவர் முகம்கூடத் திரும்பவில்லை.

லியோபா சித்தப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னம்மா?"

அவள் கீழே கையைக் காட்டினாள்.

"அங்க என்ன?"

"அங்க... அங்க ஒருவேளை..."

"நாக்கை ஆத்துல விட்டுட்டு வந்தியா? சொல்லு."

"உள்ள போயிருந்தா?"

சித்தப்பா சிரித்தார். "வைக்கோல் தொங்குது. அதைத் தாண்டி எவ போவா? நாப்பது வருஷமா காவல் காக்கிறேன், ஒரே ஒருத்தன்தான் உள்ள கால வச்சான். அவனும் உங்கப்பன். சொந்த அண்ணன்னு பாக்காம பிடிச்சு, பஞ்சாயத்து முன்னாடி நிறுத்தினேன்."

"அதுக்கப்புறம் மூணு வருஷம் உமக்கு அவரு வீட்டுல ஒரு சொட்டு ஒயின் ஊத்தலையே, அதையும் சொல்லும் ஓய்" என்றார் குவிரின்.

"நாலு வருஷம்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் லியோபா சேர்த்து வைத்திருந்த வார்த்தை தொண்டையிலேயே கரைந்து போனது. வெளியூர்க்காரிக்கு வைக்கோலைப் பற்றி என்ன தெரியும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. குழந்தைக்குக்கூடத் தெரிந்த ஒன்று ஒருத்திக்குத் தெரியாமல் இருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தோன்றும்?

நான்கரை மணிக்குப் பைல்ஸ்டைனுக்கு மேலே, இடிந்த கோட்டைக்குப் போகும் வளைவுக்கு வந்துவிட்டார்கள். ஃபோல்கர்ட் அங்கே பாறைமேல் உட்கார்ந்திருந்தார். ஆற்றோரமாகத் தேடி வந்த ஊர்க்காரர் யாரோ கொடுத்த கனத்த மேல்கோட்டு அவர்மேல் தொளதொளவென்று கிடந்தது. வருகிறவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்து முடித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

மோசல் ஆற்றில் மூடுபனி எழ ஆரம்பித்திருந்தது. அக்கரையில் எல்லன்ட்ஸ் ஊரின் கூரைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. இன்னும் அரை மணியில் ஒன்றும் தெரியாது. ராத்திரிக்கு உறைபனி விழும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று லியோபா தனக்குள்ளே அடித்துக்கொண்டாள். சொன்னால் அவர் இப்போதே எழுந்து கேட்பார்: மூன்று மணி நேரமாக ஏன் சொல்லவில்லை?

அவள் அவரைப் பார்க்க முடியாமல் சரிவைப் பார்த்தாள்.

மாலையில் நாகணவாய்ப் பறவைகள் கூட்டமாக வந்து பழத்தின்மேல் இறங்கும் நேரம். கறுத்த துணியை உதறிப் போட்டதுபோல ஒரு கூட்டம் தாழ்ந்தது. ஒரு அடுக்கில் அமர்ந்தது, எழுந்தது, அடுத்த அடுக்கில் அமர்ந்தது. நடுச்சரிவில் ஓரிடம் வந்ததும் விருட்டென்று விலகிப் பறந்தது. திரும்பி வந்தது. மறுபடியும் அதே இடத்தில் விலகியது. அந்த இடத்தில் மரச் சக்கரம் இல்லை. பறவைகளை விரட்ட வேறு எதுவோ அங்கே இருந்தது.

லியோபா ஓடினாள்.

"ஏய் லியோபா! மணி அடிக்கலை, நில்லு!" சித்தப்பாவின் குரல் பின்னாலேயே வந்தது. அவள் கம்பத்தைத் தாண்டினாள். பிறந்ததிலிருந்து தாண்டாததைத் தாண்டினாள். ஈரச் சிலேட்டு காலடியில் வழுக்கியது. விழுந்தாள், கொடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், கனிந்த பழம் கையில் நசுங்கியது.

ஒரு சுவர் வயிறு பிதுங்கிச் சரிந்து கிடந்தது. கல் குவியலுக்குக் கீழே இடுப்புவரை கெசீனா அம்மாள். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. கைக்கு எட்டிய கொத்துகளிலெல்லாம் பழம் இல்லை, தாகத்துக்குத் தின்றிருந்தாள். லியோபா கல்லைப் பிடித்துத் தள்ளினாள். அசையவில்லை.

கெசீனாவின் உதடு அசைந்தது. காற்றுதான் வந்தது. லியோபா காதைக் கிட்டே கொண்டு போனாள்.

"மேல கூப்பிட்டாங்க" என்றாள் கெசீனா. "நான் பதில் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். யாரும் எறங்கி வரலையே."

லியோபா நிமிர்ந்தாள். உச்சியில், கம்பத்துக்கு அந்தப் பக்கம், பனியில் மங்கலாகப் பத்துத் தலைகள். வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். கம்பத்தைத் தாண்டவில்லை. குவிரின் ஒரு காலை முன்னால் வைத்து, பிறகு பின்னால் எடுத்தது தெரிந்தது.

அவள் கத்தினாள். வார்த்தை எதுவும் இல்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம், தன்னுடையது என்று அவளுக்கே தெரியாத சத்தம். நாகணவாய்கள் மொத்தமும் எழுந்து ஆற்றின்மேல் போயின.

சித்தப்பாதான் முதலில் இறங்கினார். கம்பத்தைப் பிடுங்கிக் கீழே எறிந்துவிட்டு, "வாங்கடா, என்ன பாத்துட்டு நிக்கிறீங்க" என்று அதட்டிக்கொண்டே இறங்கினார்.

கல்லை அகற்ற நேரம் பிடித்தது. கூடைக்காரர்கள் ஏறும் ஏணியை எடுத்து, அதன்மேல் அவளைக் கிடத்தி, எட்டுப் பேர் சுமந்து ஆற்றோரச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். கோஹெமிலிருந்து ஆம்புலன்ஸ் வந்து நின்றது. டாக்டர் அவள் பாதத்தை ஊசியால் குத்தினார். இன்னொரு தரம் குத்தினார். கெசீனா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குத்தியது அவளுக்குத் தெரியவே இல்லை. "ஒன்பது மணி நேரம் நசுங்கியிருக்கு" என்று டாக்டர் தணிந்த குரலில் ஃபோல்கர்டிடம் சொன்னார். "காலைக் காப்பாத்தறதைப் பத்தி இப்ப பேச வேணாம். முதல்ல உயிரு. ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி கெடச்சிருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன்."

கதவை மூடுவதற்கு முன் உள்ளே கம்பளி சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஊரே சாலையில் நின்றது. அம்மாவும் லாந்தரோடு வந்து சேர்ந்திருந்தாள். யாராவது ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. அம்மாவுக்கு எங்க ஊரு அடையாளம் தெரியலை. ஏறறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை யாரையாவது கேட்டிருக்கலாம்."

"ஆமா, கேட்டிருந்தா யாரும் போக விட்டிருக்க மாட்டோம்" என்றார் குவிரின். "வாயைத் திறந்து ஒரு கேள்வி. அவ்வளவுதான்."

இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். அம்மாகூட மெல்லத் தலையசைத்தாள்.

"கெசீனா கேக்காம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டா" என்றார் ஃபோல்கர்ட். பாதித் தனக்குத்தானே சொல்வதுபோல இருந்தது. "முப்பது வருஷமா பாக்கறேன். பஸ் கண்டக்டரை ரெண்டு தரம் கேப்பா. ரொட்டிக் கடையில மூணு தரம். எனக்குக் கோபம் வரும். அவ எப்படிக் கேக்காம போனா? புரியலை."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இன்னைக்குன்னு பாத்து ஏன் கேக்காம போனா?"

லியோபா கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். கையில் பழச்சாறும் கல்தூளும் காய்ந்து பிசுபிசுத்தன. இப்போதும் பேசாமல் இருந்துவிடலாம். கெசீனா பிழைக்காமல் போனால் ஒருவருக்கும் தெரியாது. பிழைத்தாலும், குழாயடியில் குனிந்து நின்ற பெண்ணின் முகம் அவளுக்கு நினைவிருக்கும் என்று என்ன நிச்சயம்? அப்படித் தான் நினைத்ததை அவளாலேயே தாங்க முடியவில்லை.

"கேட்டாங்க" என்றாள்.

முன்னால் நின்றவர்கள் விலகினார்கள். அவள் குரலைச் சிலர் வருடக்கணக்கில் கேட்டிருக்க மாட்டார்கள்.

"என்கிட்ட கேட்டாங்க. காலைல. இப்படிப் போலாமான்னு. நான்..." தலை தானாக ஆடிவிடாமல் இருக்கத் தாடையைக் கையால் பிடித்துக்கொண்டாள். "நான் ஆமான்னு தலையாட்டினேன். சரியாக் கேக்காமலே ஆட்டிட்டேன். அப்புறம் தெரிஞ்சுது. கூப்பிடலை. மத்தியானம் அம்மா கேட்டப்பவும் சொல்லலை. காட்டு வழில நடந்தப்பவும் சொல்லலை. ஒண்ணரை மணியிலருந்து எனக்குத் தெரியும் ஐயா."

"லியோபா" என்றாள் அம்மா. லாந்தரைத் தூக்கி மகளின் முகத்தைப் பார்த்தாள்.

சித்தப்பா தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஃபோல்கர்ட் லியோபாவின் முன்னால் வந்தார். அடிப்பார் என்று நினைத்தும் அவள் கண்ணை மூடவில்லை. அடிக்கட்டும் என்று நின்றாள். ஏதாவது கேட்கட்டும், திட்டட்டும், எதுவாக இருந்தாலும் பதில் சொல்கிறேன், இனிமேல் எதற்கும் வாயால் பதில் சொல்கிறேன் என்று மனதுக்குள் கெஞ்சினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், ஊரில் உள்ள மற்ற முகங்களையும் பார்த்தார். பிறகு அவர்கள் கொடுத்த மேல்கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கழற்றினார். அதை மடித்துச் சாலையோரக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்தார். அந்தக் குளிரில் வெறும் சட்டையோடு, முழங்காலை இழுத்து இழுத்து நடந்து, வண்டியின் பின்பக்கம் ஏறி மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்து, கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டார்.