கண்ணாடி பார்த்து வரைந்த முகங்கள்

மாட்டுங்காவில் வேங்கடசுப்ரமணியனுக்கு ‘ஊதுபத்தி’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அவர் காதுக்கு எட்டுகிற தூரத்தில் நின்று சொல்வார்கள். விளம்பரக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் அவர் வரைந்தது ஊதுபத்தி டப்பாவுக்கு மகாலக்ஷ்மி, சோப்பு உறைக்குத் தாமரை, அப்பள பாக்கெட்டுக்கு உரலும் உலக்கையும். ரிடையர் ஆன மறுவாரமே வாசல் பலகையில் பெயருக்கு முன்னால் ‘ஆர்ட்டிஸ்ட்’ என்று பொறித்துக்கொண்டார். கிங்ஸ் சர்க்கிளில் காலைக் காபிக்குக் கூடும் சிநேகிதர்கள், “பலகை ஜோரா இருக்கு ஓய். என்ன வாசனை, சந்தனமா, மல்லிகையா?” என்று விசாரித்தார்கள்.

அந்த வாசனையைப் போக்கிக்கொள்ளத்தான் அவர் தாராவிக்குப் போனார். வெளியே சொல்லும்போது அதைச் சேவை என்று சொன்னார்.

தொண்ணூறடி சாலையை ஒட்டிய ஒரு நலச்சங்கத்தின் மாடியில் சனிக்கிழமைதோறும் வகுப்பு. கீழே பெல்ட் தைக்கிற மெஷின்கள் ஓடும். மேலே அவர் பேசுவார். வருஷக் கடைசியில் மாட்டுங்காவிலேயே ஒரு சபா ஹாலில் பிள்ளைகளின் சுய உருவப்படங்களைக் கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. தலைப்பு: ‘நான்’. அதற்குக் கீழே, தலைப்பைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில், ‘நெறியாள்கை: ஆர்ட்டிஸ்ட் வேங்கடசுப்ரமணியன்’. காபி கோஷ்டி முழுவதையும் அழைத்திருந்தார். அன்றோடு ஊதுபத்தி அணைந்துவிடும் என்பது அவர் கணக்கு.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கைக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். போர்டில் முட்டை மாதிரி ஒரு தலையைப் போட்டுக் குறுக்கே கோடு கிழித்தார்.

“கண்ணு எங்கே இருக்கு? தலைக்கு நட்ட நடுவுல. நீங்க எல்லாரும் நெத்தியில கொண்டுபோய் வைக்கறேள். நெத்திக் கண்ணு ஒருத்தருக்குத்தான் உண்டு, அவர் கைலாசத்துல இருக்கார்.”

“அப்ப அவருக்குக் கோட்ட எங்க சார் கிழிக்கது?” என்றான் சுடலைக்கண்ணன். “மூணு கண்ணுல்லா?”

“அதிகப்பிரசங்கி, உக்காரு. ப்ரபோர்ஷன்தான் சித்திரத்துக்கு உயிர். பாருங்கோ! கண்ணாடியைப் பாருங்கோ! தெரியறதைப் போடுங்கோ. தெரியாததைப் போடாதீங்கோ!”

பிள்ளைகள் பார்த்தார்கள். பல்லைக் காட்டிப் பார்த்தார்கள், நாக்கை நீட்டிப் பார்த்தார்கள், கண்ணாடியில் வெயிலைப் பிடித்து எதிர் மாடிக் கிழவரின் மொட்டைத் தலையில் அடித்தார்கள். பிறகு வரைந்தார்கள். மாரீஸ்வரியின் காதுகள் கதவு திறந்த டாக்ஸி மாதிரி இருந்தன. அவளுக்கு நிஜமாகவே அப்படித்தான். அதீபா மட்டும் கண்ணாடிக்குள் மூக்கை நுழைக்காத குறையாக உட்கார்ந்து, பென்சிலை அழுத்தி அழுத்தி, மூன்று வாரமாக ஒரே படத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். கண்கள் இன்னும் நெற்றியை விட்டு இறங்கியபாடில்லை. காபி கோஷ்டி இதைப் பார்த்தால்? ரப்பரை எடுத்தார். முதல் படத்தில் கண்ணை மட்டும் இறக்கினார். கண் இறங்கியதும் மூக்கு இடிக்கிற மாதிரி தெரிந்தது. மூக்கைச் சரிபண்ணினால் வாய் கோணல். வாய்க்குப் பிறகு தாடை.

“குழந்தைகள் போட்டதுன்னா இது? நீங்க என்ன பண்ணிண்டிருக்கேள்?” என்று காபியோடு வந்தாள் மனைவி விசாலம்.

“சும்மா ஒரு டச்சப்.”

டச்சப் நான்கு மத்தியானம் நடந்தது. முடிந்தபோது குழந்தைகள் போட்டதில் மிஞ்சியவை ரிப்பன், துப்பட்டா, தொப்பி, ஸ்கூல் பேட்ஜ். ஆனால் ப்ரபோர்ஷன் அப்பழுக்கில்லாமல் இருந்தது. ஃப்ரேம் போட்டு, பின்பக்கம் பெயர்களைப் பென்சிலால் எழுதினார். முன்பக்கம் பெயர்ச்சீட்டு வேண்டாம் என்றுவிட்டார். “முகமே பேர் சொல்லும்” என்று சபா காரியதரிசியிடம் விளக்கினார்.

கண்காட்சியன்று தாராவியிலிருந்து அம்மாக்கள் பட்டுச் சேலையும் பளபளக்கும் பர்தாவுமாக வந்து இறங்கினார்கள். காபி கோஷ்டி முன்வரிசையைப் பிடித்திருந்தது. தலைமை விருந்தினர் இன்னும் வரவில்லை. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். ஹாலில் ஒரு மாதிரி அமைதி விழுந்தது. பக்தி என்று எடுத்துக்கொண்டார் வேங்கடசுப்ரமணியன்.

“ஏட்டி, ஒன் படம் எங்கட்டி?” இது மாரீஸ்வரியின் அம்மா முப்பிடாதியம்மாள். கோழிவாடா மார்க்கெட்டில் மீன் விற்ற குரல், மைக் அவசியப்படவில்லை.

“அந்தா, ரெட்ட ரிப்பன் இருக்குல்லா, அதுவாத்தான் இருக்கும்.”

“அதா? அது ஒங்க சாருல்லா?” முப்பிடாதியம்மாள் சுவரோரமாக நடந்தாள். “இதுவும் சாரு. இது தொப்பி வச்ச சாரு. இந்தா, முக்காடு போட்ட சாரு. யாத்தே, எல்லாப் புள்ளையும் சார உரிச்சு வச்சிருக்கே! நல்லவேள எங்க வீட்டுக்காரரு டியூட்டிக்குப் போயிட்டாரு. வந்து பாத்திருந்தா என்னய என்னன்னு கேப்பாரு?”

அம்மாக்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார்கள். முன்வரிசையில் யாரோ காபியே குடிக்காமல் புரையேறி இருமினார்.

அப்போதுதான் அவர் பார்த்தார். நீளமான மூக்கு, நுனியில் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. தொங்கிய கீழுதடு. தாடையில் குழி. சுவர் நெடுக, ரிப்பன் கட்டிக்கொண்டு, பேட்ஜ் குத்திக்கொண்டு, அவரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரைந்தபோது அது மூக்காகத்தான் தெரிந்தது, மூக்கு என்றால் எப்படி இருக்கவேண்டுமோ அப்படி. தன்னையறியாமல் கையால் மூக்கை மறைத்துக்கொண்டார். ஹாலில் ஏதோ நாற்றம் என்று நினைத்த காரியதரிசி, அவசரமாக ஒரு கொத்து ஊதுபத்தி ஏற்றச் சொன்னார்.

புகைக்கு நடுவே தலைமை விருந்தினர் வந்தார். ஓவியக் காலரி நடத்துகிற மிஸஸ் சந்தானம். கழுத்தில் மர மணி, கண்ணில் ஆழம். சுவரை ஒரு சுற்றுப் பார்த்தார். மைக்கைப் பிடித்தார்.

“என்ன துணிச்சலான கான்செப்ட்! தலைப்பு ‘நான்’. ஆனா எல்லா முகமும் ஒரே முகம்! குருவோட முகத்துலதான் சிஷ்யர்கள் தங்களையே கண்டுக்கறா. இதைப் பிழைன்னு பாமரர்கள் சிரிக்கலாம். இது ஒரு ஸ்டேட்மென்ட்!”

பாமரர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். முன்வரிசை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பாமரர் ஆகிவிடுவோமோ என்ற பயத்தில் பலமாகக் கைதட்டியது. பொன்னாடை அவர் தோளில் விழுந்தது. ‘இல்லை, நான்தான் ரப்பர் போட்டு அழித்தேன்’ என்று சொல்ல வாயைத் திறந்தார். வாய் திறந்தபடியே இருந்துவிட்டு மூடிக்கொண்டது. பேச்சு வராத அந்தப் பணிவைப் பார்த்துக் கூட்டம் நெகிழ்ந்தது.

“அசத்திட்டேள், ஆர்ட்டிஸ்ட் சார்!” என்றார் காபி கோஷ்டியிலேயே வாய் நீளமானவர், கையைப் பிடித்துக் குலுக்கி. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல்தடவை. ஊதுபத்தி என்றே கூப்பிட்டிருக்கலாம் என்றிருந்தது அவருக்கு.

ஹால் காலியாகிக்கொண்டிருந்தது. படங்களைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதீபா வந்து நின்றாள்.

“சார், என்னோடது எது? உம்மா கேக்காங்க. எனக்கே சமஜ்ல வரல, புரியல.”

“இதோ பார்த்துடலாம்” என்று ஃப்ரேமைத் திருப்பப் போனார்.

“பின்னாடி பாக்காம சொல்லுங்க சார்.”

குறும்பாகக் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டாள். துப்பட்டா போட்ட முகங்கள் ஐந்தாறு இருந்தன. உதட்டைக் கடித்துக்கொண்டு ஒன்றைக் காட்டினார். அவள் திருப்பினாள். ஃபர்ஸானா. இன்னொன்றைக் காட்டினார். சஃபீனா. அதற்குமேல் அவர் கை எழவில்லை. கடைசியில் அவளே ஒவ்வொன்றாகத் திருப்பி, தன் பெயரைக் கண்டுபிடித்தாள். படத்தை நெஞ்சோடு வைத்துக் குனிந்து பார்த்தாள்.

“இந்தப் புருவத்துல ஒரு கோடு போட்டிருந்தேன் சார். சின்னதுல ஏணியில விழுந்து கிழிஞ்ச எடம்.”

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். புருவத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு, வெள்ளையாக, பளிச்சென்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த தழும்பு. அந்தக் கோடு அவருக்கு ஞாபகம் வந்தது. பென்சில் வழுக்கிய பிழை என்று அன்று நினைத்திருந்தார். அழுத்திப் போட்டிருந்ததால் ரப்பருக்குப் போகாமல் அடம்பிடித்தது. திட்டிக்கொண்டே தேய்த்தார்.

“நான்… ப்ரபோர்ஷனுக்காக…” என்றார். தோளில் பொன்னாடை நழுவியது. அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

“இத நீங்களே வச்சுக்குங்க சார். எங்க வீட்டுல மாட்டுனா யாருன்னு கேப்பாங்க.”

வாசலில் நின்ற உம்மாவிடம் ஓடிவிட்டாள். ஃப்ரேமை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேங்கடசுப்ரமணியன் வீட்டுக்கு நடந்தார். வழியில் பூக்கடைக்காரர் வணக்கம் சொன்னார். அவர் படத்தை உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

முழங்கால் வலியால் கண்காட்சிக்கு வராத விசாலம், கதவைத் திறந்ததும் பொன்னாடையைப் பார்த்து முகம் மலர்ந்தாள். ஃப்ரேமை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“அடடா, அச்சு அசல்! ஆனா எதுக்குன்னா துப்பட்டா?” என்றவள், கூடத்துச் சுவரில் மாலையோடு தொங்கிய மாமனாரின் படத்தையும் இதையும் மாறி மாறிப் பார்த்தாள். “எங்கே மாட்டறது? அப்பாவுக்குப் பக்கத்துலயா?”

கேலியாகக் கேட்டிருந்தால் அவரும் ஏதாவது சொல்லியிருப்பார். அவள் அலமாரியிலிருந்து சுத்தியலையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு வந்து, நிஜமாகவே கேட்டுக்கொண்டு நின்றாள்.