வெளிப்புறம் இல்லாத வீடு

நல்லமுத்துவின் வீட்டுக்கு உள்புறம் மட்டும்தான் உண்டு, வெளிப்புறம் கிடையாது. வட்டவளைக்கு மேலே, கிளன்ஃபோர்டு தேயிலைத் தோட்டத்தின் ஏழாம் நம்பர் தொழிலாளர் லயத்தில், முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இருபது ஒற்றையறைக் காம்பிராக்களில் அவருடையது பதினொன்றாவது. அதன் பின்சுவருக்குள் அந்த வீடு இருந்தது. சுவரின் கனம் ஒரு முழம். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தோனிமுத்துவும் அவர் மனைவி மரியநாயகியும் குடியிருந்தார்கள். இந்த ஒரு முழத்துக்குள் ஒரு ஹாலும் இரண்டு அறைகளும் ஒரு சமையலறையும் ஒரு சன்னலும் இருந்ததைத் தோட்டத்தில் யாரும் மறுத்ததில்லை. கணக்கப்பிள்ளை கந்தப்பன் நாடா கொண்டுவந்து லயத்தை வெளியே அளந்தார். பழைய அளவே இருந்தது. உள்ளே அளந்தார்; நாடா போதவில்லை. கூடுதல் இடத்துக்குத் தோட்டம் சுண்ணாம்பு கொடுக்காது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டு அவர் கொழுந்து மலைக்குப் போனார்.

வீடு வந்த விதம் இது. 1948இல் இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்தது. அந்த வருஷம் முடிவதற்குள், தோட்டத்துச் சனங்கள் இந்த நாட்டினர் அல்ல என்று சட்டம் வந்தது. எந்த நாட்டினர் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அது அதன் வேலை இல்லை. மறுநாளும் காலைப் பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்பு அடித்தார்கள், அதே ஆட்கள் அதே மலைக்குப் போனார்கள். பிறகு, இங்கேயே நிரந்தரமாக இருக்கும் எண்ணமுள்ளவர்கள் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றும், 1951 ஆகஸ்டுக்குப் பிறகு அந்த எண்ணம் யாருக்கும் வரக்கூடாது என்றும் அறிவித்தார்கள். கவ்வாத்து வெட்டும் நல்லமுத்துவும் கொழுந்தெடுக்கும் அவர் மனைவி சண்முகவடிவும் இரண்டு வயது மகள் பூரணியைத் தூக்கிக்கொண்டு ஜூலை மாதம் ஹட்டனுக்குப் போய், பெட்டிசம் எழுதும் கணேசமூர்த்தியின் முன்னால் வரிசையில் நின்றார்கள். கணேசமூர்த்திக்குக் கையெழுத்து அழகு. அதைவிட மனசு தாராளம். வீடு எப்படி என்று விண்ணப்பப் பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது. காம்பிராதான், பத்துக்குப் பன்னிரண்டு என்றார் நல்லமுத்து.

"பத்துக்குப் பன்னெண்டுன்னு எழுதினா ஆடு கட்டுற எடம்னு நெனச்சுக்குவாங்கண்ணே. நிரந்தரமா இருக்கிற எண்ணம் வீட்டுல தெரியணும். ஒரு ஹால் போடுறேன், ரெண்டு ரூம் போடுறேன். சாமான் நெறஞ்ச குசினி ஒண்ணு. எந்த வருசத்துல இருந்து? முப்பத்தாறுன்னு வச்சுக்குவோம்."

நல்லமுத்து தடுக்கத்தான் வாயெடுத்தார். அதற்குள் சண்முகவடிவு, "சன்னல் உண்டுங்களா?" என்று கேட்டுவிட்டாள். லயக் காம்பிராவில் சன்னல் கிடையாது. புகை போக ஓடுதான் வழி. அவள் முகத்தைப் பார்த்த கணேசமூர்த்தி மறுபேச்சில்லாமல் ஒரு சன்னல் போட்டார். சன்னல் எதைப் பார்த்திருக்கிறது என்று எழுதப் பாரத்தில் இடமில்லை. நல்லமுத்து பெருவிரலை உருட்டி வைத்தார். மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தபோது பின்சுவரில் ஒரு கதவு இருந்தது. திறந்தால் ஹால். சன்னலுக்கு வெளியே வெள்ளையாக இருந்தது. வட்டவளையில் வெள்ளையாக இல்லாத நாள் குறைவு. பனிமூட்டம் என்று விட்டுவிட்டார்கள். மூன்று மாதம் வெயில் அடித்தும் அந்த வெள்ளை விலகாதபோதுதான், அதற்கு வெளியே எதுவும் எழுதப்படவில்லை என்பது புரிந்தது.

சந்தோஷப்பட நேரமில்லை. விசாரணைக்கு அதிகாரி வருவார், வீட்டைப் பார்ப்பார், எண்ணத்தை அளப்பார். மஸ்கெலியாப் பக்கம் ஒருவர் இந்தியாவுக்குத் தங்கச்சி கல்யாணத்துக்குப் போய்வந்ததால் எண்ணம் அங்கே இருக்கிறது என்று நிராகரித்தார்களாம். நானுஓயாவில் ஒரு கிழவர் தலையணைக்குள் அம்மாவின் கடிதத்தை வைத்திருந்து மாட்டிக்கொண்டாராம். நல்லமுத்து பிறந்தது இதே லயம். சண்முகவடிவு பிறந்தது ஐந்தாம் நம்பர் லயம். அவர்கள் பார்த்த பெரிய தண்ணீர் மகாவலி ஆறுதான். ஆனாலும் கையில் இருப்பது புத்தம் புதிய, காலி வீடு. பாரத்தில் இருப்பது பதினைந்து வருஷம் குடியிருந்த வீடு. இரண்டையும் அதிகாரி வருவதற்குள் ஒன்றாக்க வேண்டும். தவறினால் மூன்று பேரும் எங்கேயும் இல்லாதவர்கள். அன்றிலிருந்து ஒரு ஆணி அடிப்பதற்கும் அந்த வீட்டில் ஒரு வாரம் யோசித்தார்கள்.

முதலில் முருகன் காலண்டர் கழற்றப்பட்டது. முருகனால் அல்ல, அவர் காலடியில் திருச்சி ஜவுளிக்கடையின் விலாசம் இருந்ததால். அதற்குப் பதிலாக ஹட்டன் பலசரக்குக் கடையின் காலண்டரை மாட்டினார்கள். அதில் கூடைக்குள் இரண்டு நாய்க்குட்டிகள். நாய்க்குட்டிக்கு நாடு கேட்க மாட்டார்கள் என்று நல்லமுத்து கணக்குப் போட்டார். சாமி மூலையில் சிவனொளிபாதமலைப் படம். அந்தப் பாதம் யாருடையது என்று ஆளுக்கொரு பெயர் சொல்வதால் அது பாதுகாப்பான பாதம். சன்னலுக்குச் சண்முகவடிவு தன் இடுப்பில் கட்டும் கொழுந்துப் படங்கை அவிழ்த்துத் திரையாகத் தைத்தாள். தேயிலைச் சாயம் ஏறிய அந்தச் சாக்கைவிட இந்த நாட்டுக்குச் சொந்தமான துணி எதுவும் அவளுக்குத் தெரியாது. சுவரில் தலை சாயும் உயரத்தில் எண்ணெய் தேய்த்து அழுக்காக்கினார்கள். கதவு நிலையில் பூரணியின் உயரத்தைக் கோடு போட்டதோடு, அவள் பிறப்பதற்கு முந்தைய வருஷங்களுக்கும் கோடு போட்டார் நல்லமுத்து. பின்னொரு நாள் அதைப் பார்த்துப் பயந்து அவரே அழித்தார்.

பெரிய தொல்லை நாற்காலிகள். பாரத்தில் நான்கு என்றிருந்தது. பிரம்பு நாற்காலிகள் நான்கு வந்து பளபளவென்று நின்றன. பதினைந்து வருஷம் உட்கார்ந்த நாற்காலி அப்படி நிற்காது. ஆகவே மலையிலிருந்து வந்ததும் ஆளுக்கு ஒரு மணி நேரம் உட்காருவது என்று முடிவாயிற்று. இடுப்பு ஒடிய நின்று வேலை செய்துவிட்டு வந்து, தரையில் காலை நீட்டாமல், நாற்காலியில் விறைத்து உட்கார்ந்து தேய்த்தார்கள். பக்கத்துக் காம்பிரா ராக்காயி வாசலில் நின்று பார்த்தாள். "ஏன்டி வடிவு, உக்காந்ததுக்கும் பேரு போட்டுச் சம்பளம் குடுக்கிறாங்களாடி?" என்றாள். சிரித்துவிட்டு உள்ளே வந்து, ஆளில்லாத நான்காவது நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். ராக்காயி கனத்த உடம்புக்காரி. நாலாவதுதான் முதலில் பழசாயிற்று.

பித்தளை அண்டாவை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சண்முகவடிவின் தாத்தா கடல் கடந்து வந்தபோது தலையில் சுமந்தது. விளிம்பில் 'முசிறி' என்று புள்ளி குத்தியிருந்தது. நல்லமுத்து அரத்தால் ராவினார். மறுநாள் காலையில் அதே எழுத்து ஒரு விரல்கடை பெரிதாக வயிற்றில் இருந்தது. அதையும் ராவினார். மூன்றாம் நாள் அது அடிப்பாகத்தில், வாசலில் நின்று படிக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. நாலாவது தடவை ராவ யாருக்கும் தைரியம் வரவில்லை. வித்துவிடலாம் என்றார் நல்லமுத்து. சண்முகவடிவு அண்டாவைக் கவிழ்த்து, மேலே சாக்கை நாலாக மடித்துப் போட்டாள். அது முக்காலி என்று அறிவிக்கப்பட்டது.

அதிகாரி 1956இல் வந்தார். அதுவரை ஐந்து வருஷம் அந்த வீடு தயாராக இருந்தது. அழுக்கு கலைந்துவிடும் என்று பயந்து உட்காரும் நேரம் தவிர யாரும் அதற்குள் போகவில்லை. மூவரும் பத்துக்குப் பன்னிரண்டிலேயே படுத்தார்கள். அதிகாரி நல்ல மனிதர். நாய்க்குட்டிகளைப் பார்த்துச் சிரித்தார். தேய்ந்த பிரம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு நான்கு நாற்காலிகளையும் விட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். மூன்று கேள்வி கேட்டார், தேநீர் குடித்தார், திருப்தியாக எழுந்தார். அவருடைய வெள்ளைக் காற்சட்டையின் பின்பக்கம் சாக்கையும் மீறி 'முசிறி' என்று கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிப் பதிந்திருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. கூட வந்த மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியும். ஆனால் பேசுவதை மொழிபெயர்ப்பதுதான் அவர் வேலை, காற்சட்டையை அல்ல. எல்லாம் முடிந்தது என்று சண்முகவடிவு மூச்சு விட்டாள். வாசலில் அதிகாரி நின்றார். வீட்டின் வெளிப்புற அளவையும் எழுத வேண்டும் என்றார். லயத்தை இரண்டு தடவை சுற்றி வந்தார். ராக்காயி வாசலையும் மரியநாயகி வாசலையும் பார்த்தார். பிறகு மழையில் நின்றபடியே எழுதினார்.

தீர்ப்பு 1957இல் தபாலில் வந்தது. கந்தப்பன் படித்துச் சொன்னார். விண்ணப்பதாரரின் வீடு நேர்த்தியானது, நீண்ட காலம் புழங்கியது, நிரந்தரமாக வாழும் எண்ணத்தைச் சந்தேகமில்லாமல் காட்டுவது. ஆனால் இலங்கையின் நிலப்பரப்பில் அதற்கு வெளிப்புறம் எதுவும் இல்லை. இலங்கையில் இல்லாத வீடு வெளிநாட்டில்தான் இருக்க முடியும். ஆகவே விண்ணப்பதாரர் 1936 முதல் வெளிநாட்டில் வீடு கட்டிக் குடியிருப்பவர்; விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. கந்தப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல நல்லமுத்து" என்றார்.

மேல்முறையீடு ஐந்து வருஷம் போனது. அதில் பூரணிக்கு வயது பதின்மூன்று ஆனதைத் தவிர வேறு ஒன்றும் நடக்கவில்லை. 1962இல் நாட்டைவிட்டு வெளியேறும்படி நோட்டீஸ் வந்தது. தோட்டம் அவர்கள் பெயரைச் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் இருந்து வெட்டியது. எந்த நாட்டுக்கு வெளியேறுவது என்று கேட்க நல்லமுத்து கண்டியில் இருந்த இந்திய அலுவலகத்துக்குப் போனார். அவர்கள் அக்கறையாக விசாரித்து, முசிறியில் அப்படி ஒரு வீடு இல்லை என்றார்கள். அவர் அங்கே வரிசையில் நின்ற அதே நாளில் தோட்டத்துத் துரையின் உத்தரவோடு கந்தப்பனும் இரண்டு கொத்தனார்களும் பதினொன்றாம் காம்பிராவுக்கு வந்தார்கள். அடுத்த குடும்பம் மூட்டையோடு வாசலில் நின்றது. சண்முகவடிவு சட்டி பானையை எடுத்துக்கொண்டு மகளோடு பின்சுவர்க் கதவைத் தாண்டி ஹாலுக்குள் போய் நின்றாள். கந்தப்பன் வெளியே வரச் சொன்னார், சத்தம் போட்டார், கடைசியில் கெஞ்சினார்.

"ஐயா, இங்க இருக்கிறவங்களத்தான வெளியேத்தணும்?" என்றாள் சண்முகவடிவு. "நாங்க வெளிநாட்டுல இருக்கோம்னு நீங்கதான படிச்சுச் சொன்னீங்க."

கந்தப்பன் உத்தரவுக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காம்பிராவைக் காலியாக ஒப்படைக்க வேண்டும். காம்பிரா காலியாகத்தான் இருந்தது. கதவைச் சாத்திக்கொள்ளும்படி சொன்னார். அவள் சாத்தினாள். கொத்தனார்கள் அதன்மேல் செங்கல் வைத்துப் பூசினார்கள்.

நல்லமுத்து சாயங்கால ரயிலில் வந்து, புதுக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கோடாலியால் பூச்சை உடைத்தார். செங்கல்லுக்கு அந்தப் பக்கம் மரியநாயகி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு முழச் சுவரின் மண் மட்டும் இருந்தது. நல்லமுத்து மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஓட்டையின் இரண்டு ஓரத்திலிருந்தும் சண்முகவடிவின் குரல் வந்தது.

"என்னங்க, அழாதீங்க. கதவுதான போச்சு. சன்னல் பக்கமா வாங்க."

சன்னலுக்கு வெளிப்பக்கம் கிடையாது என்று அவளுக்குத் தெரியாதா, தெரிந்தே சொன்னாளா என்று லயத்தில் நெடுநாள் பேசிக்கொண்டார்கள். நல்லமுத்து அதை விலாசம் சொன்னதுபோல எடுத்துக்கொண்டார். அந்தோனிமுத்துவின் இஸ்தோப்புத் திண்ணையில் படுத்துக்கொண்டு, விடிந்ததும் கறுப்புக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு தேடப் போனார். முதலில் லயத்தைச் சுற்றி, பிறகு மலையைச் சுற்றி. அடுத்த வருஷம் மஸ்கெலியா, அதற்கடுத்து நானுஓயா. கொழுந்துப் படங்கில் திரை தைத்த சன்னல் எங்கேயாவது உண்டா என்று பஸ் கண்டக்டர்களைக் கேட்டார். அவர்கள் மரியாதையாக இல்லை என்றார்கள். சனிக்கிழமைகளில் திரும்பி வந்து சுவரில் வாய் வைத்து, எங்கெங்கே பார்த்தாயிற்று என்று சொல்வார். சன்னலில் என்ன தெரிகிறது என்று கேட்பார். வெள்ளையாக இருக்கிறது என்பாள் பூரணி. அவள் குரல் வருஷத்துக்கு வருஷம் மாறியது; கதவு நிலையில் கோடு போட இப்போது ஆளில்லை. 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து தோட்டத்துத் தலைகளைப் பிரித்துக்கொண்டன. இத்தனை பேர் அவர்களுக்கு, இத்தனை பேர் இவர்களுக்கு, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம். நல்லமுத்து எதில் என்று கந்தப்பனிடம் கேட்டார். கந்தப்பன் யோசித்து, மிச்சத்தில் என்றார்.

1965 ஜூன் மாதம், பெரிய மழை பிடித்த மூன்றாம் நாள், பூரணி சுவருக்குள்ளிருந்து, சன்னலில் தேயிலை தெரிகிறது என்றாள். மரியநாயகி கேட்டுவிட்டு இஸ்தோப்புக்கு ஓடினார். நல்லமுத்து அதிகாலையிலேயே போயிருந்தார். மத்தியானம், தூரத்தில் கம்பளி போட்ட ஒருவர் நடந்து வருவது தெரிகிறது என்றாள். பிறகு, அவர் பாதை தெரியாமல் நிற்கிறார் என்றாள். பிறகு படங்குத் திரையைக் கழற்றி வீசுகிற சத்தமும், சண்முகவடிவு எதுவோ சொல்லிக் கூப்பிடுகிற சத்தமும் கேட்டன.

சாயங்காலம் கவ்வாத்து ஆட்கள் மேட்டு மலையில் ஒரு தேயிலைச் செடிமேல் கறுப்புக் கம்பளி விரித்துக் கிடந்ததைக் கண்டு எடுத்து வந்தார்கள். அத்தனை மழையிலும் அது நனையாமல் இருந்தது. அந்தோனிமுத்து அதை உதறி மடித்து வைத்தார். லாந்தர் ஏற்றும் நேரத்தில் மரியநாயகி அடுப்படிச் சுவரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். என்ன என்று கேட்டார் அந்தோனிமுத்து.

"தட்டு கழுவுறாங்க" என்றார் மரியநாயகி. "மூணு தட்டு."

மறுநாள் கந்தப்பன் வந்து சுவரின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். தோட்டத்தில் அந்தச் சுவரில் மட்டும் ஆணி அடிப்பதில்லை என்று அன்றிலிருந்து வழக்கமாயிற்று.