அகெனெட்டா வாயை மூடிய மூன்று நாள்

2018 ஜூன் 12, செவ்வாய்க்கிழமை மதியம், ஃபிஜித் தீவுகளில் லெவுகா ஊர்ப் பள்ளியின் புதிய தலைமையாசிரியர் இலைசா, கடற்கரைத் தெருவில் அகெனெட்டாவின் கடையில் தேங்காய்ப்பால் மீன் சாப்பிட்டார்.

இருபத்தாறு வருடங்களாக அந்தக் கடையில் சாப்பாட்டோடு வசவும் உண்டு. அதற்காகவே ஆட்கள் வருவார்கள். வெளியூர்க்காரர்களிடம் அகெனெட்டா கொஞ்சம் அளந்துதான் பேசுவாள். வைதாரா ஊர்க்காரர்கள் வந்தால் அளவே கிடையாது. அவர்களும் அவள் ஊராரும் ஒரே மூதாதை வழிவந்த தௌவூ உறவு. எவ்வளவு திட்டினாலும், தட்டிலிருந்து பிடுங்கித் தின்றாலும் கோபப்படக் கூடாது. அதே சொல்லை அந்த உறவில்லாத ஊர்க்காரரிடம் சொன்னால், அது அவர் ஊரையே அவமதிப்பது.

புது வாத்தியார் வைதாராக்காரர் என்று படகுக்காரன் சொல்லியிருந்தான்.

"ஏன்யா, உங்க ஊர்ல மீனைப் பார்த்தா மரத்துல ஏறிக்குவாங்களாமே, நீ எப்படி இறங்கி வந்தே?" என்று அகெனெட்டா ஆரம்பித்தாள். "டை கட்டிட்டா கிழங்குத் திருடன் வாத்தியாராயிடுவானா? புள்ளைங்களுக்கு என்ன சொல்லித் தரப் போறே, வேலி தாண்டவா?"

கடையே சிரித்தது. இலைசா தலை நிமிராமல் சாப்பிட்டு, முள்ளை ஓரமாக அடுக்கி வைத்துவிட்டுப் போனார்.

அவள் ஊர்க்காரனான சமையல்காரன் சகியூசா அருகில் வந்தான். "அக்கா, அவரு வைதாரா இல்ல. நாமூலி ஊரு. நமக்குத் தௌவூ இல்ல."

அவள் கையிலிருந்த கரண்டி நின்றது.

மறுநாளிலிருந்து அவள் யாரையும் எதுவும் சொல்லவில்லை. "வாங்க, உட்காருங்க" என்று தட்டை வைத்தாள். வெள்ளிக்கிழமை, மீன் ஆலைத் தொழிலாளி ஒருவன் கேட்டேவிட்டான். "உப்பு குழம்புல குறைஞ்சிருக்கா அக்கா, உங்க வாயிலயா?" நான்கு மேசைகள் காலியாக இருந்தன. வாயை அடக்கியே கடை நடத்த வேண்டுமென்றால் கடை எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை காலை, மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் கொண்டுபோகும் யங்கோனா வேர்க்கட்டோடு, சகியூசாவையும் கூட்டிக்கொண்டு இலைசாவின் வீட்டுக்குப் போனாள். பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, வேரை முன்னால் வைத்து, மன்னிப்புக் கேட்டாள்.

இலைசா வேரைத் தொடவில்லை. "என்ன சொன்னீங்கன்னு சரியா ஞாபகமில்ல. ஒரு தடவை சொல்லுங்க."

"சார்..."

"தெரியாம எப்படி மன்னிக்கிறது?"

குனிந்த தலையோடு மரத்தைச் சொன்னாள். மீனைச் சொன்னாள்.

"திருடன்னும் ஏதோ வந்துச்சே?"

"கிழங்குத் திருடன், சார்."

"கொஞ்சம் சத்தமா."

"கிழங்குத் திருடன்!"

அடுப்படியில் அவர் மனைவி அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். இலைசாவும் தொடையில் தட்டிக்கொண்டார்.

"எங்கப்பாதான் நாமூலி. அம்மா வைதாரா. அந்த வழியில நானும் உனக்குத் தௌவூதான். அன்னிக்கே பதில் சொல்லியிருப்பேன், வாய் நிறைய உன் மீன் இருந்துச்சு. அப்புறம்தான் தோணுச்சு, இந்தக் கிழவி எத்தனை நாள் தாங்குறான்னு பார்ப்போமேன்னு."

அகெனெட்டா அவரை முறைத்தாள். தௌவூவிடம் கோபப்பட உரிமையில்லை. முறைப்பு பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. "நாசமாப் போறவனே, மூணு நாளா நான் தூங்கலடா!"

"மூஞ்சியிலயே தெரியுது."

யங்கோனா வேரை இலைசா திருப்பித் தரவில்லை. திங்கட்கிழமை மதியம் கடைக்கு வந்து, சகியூசாவின் தட்டிலிருந்த மீன்தலையை எடுத்துச் சாப்பிட்டார்.