படம் எடுக்கட்டோ

தம்பி நவநீத்தின் புதுவீட்டுக் குடிபூரலுக்கு லண்டன் ஹவுன்ஸ்லோவுக்குப் போயிருந்தேன். பால் காய்ச்சி முடிந்து ஹோலுக்குள் நுழைந்தால், சுவரில் என் வீட்டில் தொங்குகிற அதே படம். சட்டம் மட்டும் புதிது.

நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய பிரெஞ்சு ஓவியம். ஒரு வண்டிப்பாதை, குளத்தில் தண்ணீர் குடிக்கும் இரண்டு மாடுகள், வயலில் குனிந்து கதிர் பொறுக்கும் ஒரு பெண். வரைந்தவர் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. மோர்டனில் நான் ஒன்பது வருஷம் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்திப் பார்த்த வயசான மிஸிஸ் ஹார்ட்லி, பெற்ற பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் எனக்கென்று எழுதிவைத்தது. “இவளுக்கும் உன்னைப் போல முதுகு நோகும்” என்று படத்துப் பெண்ணைக் காட்டிச் சொல்வார். இந்த நாட்டில் ஒருவர் என்னை நினைத்துத் தந்த ஒரே பொருள் அதுதான்.

“என்னடா இது?” என்றேன்.

“கொப்பி அக்கா. உங்கட படத்தைப் போட்டோ எடுத்து அச்சடிச்சது.”

சித்திரையில் என் வீட்டுச் சுடுதண்ணிப் பொயிலரைத் திருத்தவென்று சாவி வாங்கிப் போனவன், நான் ஷிப்டில் நிற்கும்போது போன் எடுத்து, “அக்கா, படம் எடுக்கட்டோ?” என்று கேட்டான். “எடன், அதுக்கென்ன” என்றேன். போட்டோ எடுக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது?

கிட்டப் போய் விரலை வைத்தேன். அந்தப் பெண்ணின் வெள்ளைத் தொப்பியில் சாயம் தடித்துக் கையில் தட்டுப்பட்டது. அச்சடித்த கொப்பியில் சாயம் எப்படித் தடிக்கும்? அப்படியென்றால் என் வீட்டில் தொங்குவது எது? அவனைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

“களவெடுத்தனியோடா?”

“கத்தாதேங்கோ அக்கா. எடுக்கட்டோ எண்டு கேட்டனான், எடு எண்டனீங்கள். முந்தியே அடிச்சு வைச்ச கொப்பியை அங்க மாட்டினனான், நாலு மாசமா அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறியள். வித்தியாசம் தெரிஞ்சதோ?”

தெரியவில்லை. வேலை முடிந்து வந்து, தேத்தண்ணியோடு அதன் முன்னால் குந்தியிருந்து, மிஸிஸ் ஹார்ட்லியை நினைத்து அழுதும் இருக்கிறேன். நான் தூக்கி வளர்த்தவன் என்னை ஒரு பொய்க்கு முன்னால் இருத்தி அழவைத்திருக்கிறான்.

நேரே போய்ப் படத்தைக் கழற்றினேன். அவன் மனைவி ரஞ்சனா பதறிக்கொண்டு ஓடி வந்தாள். “மச்சாள், குடிபூரல் நாளில வீட்டில இருந்து ஒண்டும் வெளியில போகக் கூடாது!” ஹோல் முழுக்கச் சனம் திரும்பிப் பார்த்தது.

நவநீத் முந்திக்கொண்டான். சிரித்தபடி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: “விடும் ரஞ்சனா. அக்கா ஆசைப்பட்டிட்டா. கொண்டு போகட்டும்.”

இது என்ர படம் என்று சொல்ல வந்தேன். எடு என்று சொன்னவளும் நான்தானே. அதைத்தான் அவன் எல்லாருக்கும் சொல்வான். படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

தம்பியின் பக்கத்து வீட்டுத் தேவராசா அண்ணை எனக்காக வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“குடுத்து வைச்சனி பிள்ளை. இந்தக் காலத்தில இப்பிடி ஒரு தம்பி ஆருக்கு வாய்க்கும்?”

“ஓம் அண்ணை” என்றேன்.